பார்படோஸில் மறுபடியும் 30க்கு 30: எதிர்வரிசையில் உட்கார ஆள் வேண்டாமா?

பரிசல்
20 ஜனவரி 2022, இரவு 8.40

நேற்று கரீபியன் தீவு நாடான பார்படோஸில் பொதுத்தேர்தல் நடந்தது. இன்று காலை நாம் காப்பி குடிப்பதற்குள் முடிவும் வந்துவிட்டது. மொத்தம் 30 தொகுதிகள். முப்பதையும் பிரதமர் மியா மோட்லியின் பார்படோஸ் தொழிலாளர் கட்சியே வாரிக்கொண்டு போய்விட்டது. ஒருமுறை அலை அடித்தது என்று விட்டுவிடலாம் என்றால், 2018 மே மாதத்திலும் இதே 30க்கு 30!

ஒரே கட்சி எல்லா இடத்தையும் எடுத்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். ஆனால் எண்ணிக்கையில் மோசடி என்று தோற்றவர்கள் பெரிதாகக் கூச்சல் போட்டதாகக் காணோம். அந்தத் தீவில் இருப்பவர்கள், இருந்தவர்கள் யாராவது விளக்குங்கள். நான் உலக வரைபடத்தில் தேடித்தான் அந்த ஊரைக் கண்டுபிடித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை
20 ஜனவரி 2022, இரவு 9.25

மோசடி தேவையே இல்லை பரிசல். கணக்கு போதும்.

அங்கேயும் நம்முடையதைப் போல ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே வெற்றி. இரண்டாவதாக வந்தவர் எத்தனை வாங்கியிருந்தாலும் குப்பைக்கூடைதான். இந்தத் தேர்தலில் மோட்லி கட்சிக்கு ஏறக்குறைய 69 விழுக்காடு. எதிர்த்து நின்ற ஜனநாயகத் தொழிலாளர் கட்சிக்கு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. நாலு பேரில் ஒருவர் அவர்களுக்குப் போட்டிருக்கிறார், கிடைத்ததோ பூஜ்யம்.

பெரிய நாட்டில் ஏன் இப்படி அடிக்கடி நடப்பதில்லை? தோற்கிற கட்சிக்கும் எங்காவது ஒரு கோட்டை இருக்கும். ஒரு மாவட்டம், ஒரு சமூகம், ஒரு மொழி. அங்கே போய் ஒண்டிக்கொள்ளும். பார்படோஸ் மொத்தமே 430 சதுர கிலோமீட்டர், மக்கள் 2.8 லட்சம் சொச்சம். தெற்கில் அடிக்கிற காற்று வடக்கிலும் அடிக்கும். 2013இல் இதே இரண்டு கட்சிகளும் 16க்கு 14 என்று மூச்சுத் திணறப் போட்டி போட்டன, ஜனநாயகத் தொழிலாளர் கட்சிதான் ஜெயித்தது. ஐந்து ஆண்டில் காற்று திரும்பியது, தீவு முழுக்க ஒரே அளவில் திரும்பியது, எல்லாம் கவிழ்ந்தது. அவ்வளவுதான் சங்கதி.

பக்கத்திலேயே டிரினிடாட் இருக்கிறது. அங்கே ஆப்பிரிக்க வழியினர், இந்திய வழியினர் என்று ஓட்டு பிரிந்து கிடக்கிறது, அவரவர் வட்டாரமும் தனித்தனி. அதனால் இரண்டு கட்சிக்கும் எப்போதும் சில தொகுதிகள் உறுதி. 1971இல் மட்டும் ஆளுங்கட்சி 36க்கு 36 எடுத்தது, அதுவும் எதிர்க்கட்சிகள் தேர்தலைப் புறக்கணித்ததால். ஜமைக்காவில் 1983இல் 60க்கு 60 வந்ததும் அதே புறக்கணிப்புக் கதைதான். எல்லோரும் களத்தில் நின்றும் துடைத்தெடுப்பது வேறு வகை. பார்படோஸ் அந்த வகை.

பூதக்கண்ணாடி
20 ஜனவரி 2022, இரவு 10.10

கணக்கு சரி ஐயா. ஆனால் இந்தத் தேர்தல் நடந்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

நாடாளுமன்றத்துக்கு இன்னும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆயுள் மிச்சம். 30 இடத்தில் 29 கையில். நவம்பர் 30ஆம் தேதிதான் பிரிட்டிஷ் அரசியைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கிக் குடியரசானார்கள். அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, டிசம்பர் 27ஆம் தேதி, ஜனவரி 19இல் தேர்தல் என்று மோட்லி அறிவிக்கிறார். எதிர்க்கட்சிக்கு வேட்பாளரைத் தேடவே நேரம் போதாது.

அதற்கும் மேல் கோவிட். தொற்று உறுதியாகித் தனிமையில் இருந்தவர்கள் சுமார் 5,000 பேர் என்கிறார்கள். அவர்கள் ஓட்டுப் போட ஏற்பாடே இல்லை. சின்னக் கட்சி வேட்பாளர் ஒருவர் உயர்நீதிமன்றம் போனார். இது எங்கள் வரம்புக்குள் வராது என்று நீதிமன்றம் கைகழுவிவிட்டது. இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள நாட்டில் ஐந்தாயிரம் என்பது சின்ன எண்ணிக்கையா?

ஓட்டுப் போட்டவர்களோ பாதிக்கும் கீழே. 2018இல் 60 விழுக்காடு அளவில் இருந்தது. இதை மக்கள் தீர்ப்பு என்று எப்படிச் சொல்வது?

கரைமணல்
21 ஜனவரி 2022, காலை 6.15

அன்பர்களே, நான் பார்படோஸில்தான் இருக்கிறேன். 2015 முதல் தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்குத் தெற்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 2018. அது புரியாமல் 2022 புரியாது. அப்போது ஆட்சியில் பத்து ஆண்டாக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி. கடன் நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டியிருந்தது. இங்கே இரண்டு உள்ளூர் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று 1975 முதல் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் வயிற்றில் புளி. எங்கள் கடைக்கு வருகிற மூதாட்டிகள்கூட அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பற்றிப் பேசுவார்கள். நம்மூரில் வெங்காய விலை பேசுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு சமூகப் பொறுப்பு வரி என்று ஒன்றை 2017இல் பத்து விழுக்காடாக ஏற்றினார்கள். கரைக்கு இறங்குகிற சரக்கு எல்லாவற்றிலும் அது ஏறியது. 2014இல் பல்கலைக்கழகப் படிப்புக்கு மாணவரே கட்டணம் கட்ட வேண்டும் என்று ஆக்கியிருந்தார்கள். இலவசக் கல்வி என்பது அந்தக் கட்சியின் நிறுவனர், நாட்டின் முதல் பிரதமர் எரல் பாரோ கொடுத்தது. அவர் கட்சியே அதில் கைவைத்ததை இங்கே பலர் இன்னும் மன்னிக்கவில்லை.

சாக்கடையைச் சொல்லாமல் விட முடியாது. தென்கரையில் வொர்திங் பக்கம் சாலையில் கழிவுநீர் பொங்கி ஓடியது. ஒருநாள் இருநாள் இல்லை, மாதக்கணக்கில். நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு கடைக்காரர் வாசலில் பலகை போட்டு வைத்திருந்தார். வருகிறவர்கள் அதன்மேல் கால்வைத்து உள்ளே போக வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற சுற்றுலாப் பயணியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. சுற்றுலாவே சோறு போடுகிற ஊர் இது.

இவ்வளவு நடந்தும் அப்போதைய பிரதமர் ஃப்ரூண்டல் ஸ்டூவர்ட் தேர்தல் தேதியைச் சொல்லவே இல்லை. நாடாளுமன்றம் தானாகக் காலாவதியாகும் வரை உட்கார்ந்திருந்தார். மக்கள் கதவுக்குப் பின்னால் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தார்கள் என்றுதான் சொல்வேன். மே 24 வந்தது. முப்பதும் போயின, அவருடைய சொந்தத் தொகுதியும் போயிற்று.

செயின்ட் ஜான் தொகுதி விழுந்ததுதான் உண்மையான அதிர்ச்சி. 1958 முதல் பாரோவின் தொகுதி அது. அவர் 1987இல் இறந்ததும் டேவிட் தாம்ஸன் வந்தார், பின்னாளில் பிரதமரும் ஆனார். பதவியிலிருக்கும்போதே 2010இல் அவர் இறக்க, அவர் மனைவி நின்று ஜெயித்தார். அறுபது ஆண்டு ஒரே கட்சி. மஞ்சளும் நீலமும் தவிர வேறு நிறம் அங்கே ஒட்டாது என்பார்கள். அதுவும் மோட்லி கட்சியின் சிவப்பானது.

நான் போகிற ரம் கடையில் டோமினோ ஆடுகிற பெரியவர் ஒருவர் உண்டு, பரம்பரை 'டெம்ஸ்'. ஜனநாயகத் தொழிலாளர் கட்சிக்காரர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், எதிர்த்தரப்பு 'பீஸ்'. அந்தப் பெரியவர், இந்த முறை செயின்ட் ஜானைத் திருப்பி எடுக்கிறோம் என்று கடைக்காரரிடம் ஒரு புட்டி ரம் பந்தயம் கட்டியிருந்தார். நேற்றிரவு முடிவு வானொலியில் வந்தபோது கையிலிருந்த டோமினோக் கட்டையை மேசையில் அடித்த அடியில் நாலு கட்டை கீழே உருண்டது. பிறகு பேசாமல் எழுந்து போய் ஒரு புட்டிக்குக் காசு வைத்துவிட்டு வந்தார்.

பூதக்கண்ணாடி சொன்னதில் பாதி சரி. கோவிட் நோயாளிகள் விஷயத்தில் எனக்கும் மனக்குறைதான், அவர்களுக்கு வழி செய்திருக்க வேண்டும். ஆனால் வாக்கு விழுக்காட்டை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். இங்கே மக்கள்தொகை 2.8 லட்சம், அதில் குழந்தைகளும் அடக்கம். வாக்காளர் பட்டியலில் 2.6 லட்சத்துக்கும் மேல் பெயர். எப்படிக் கூடி வருகிறது? லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனவர்கள், மேலுலகம் போனவர்கள் எல்லோரும் பட்டியலில் பத்திரமாக இருக்கிறார்கள்.

மிளகுக்கொடி
21 ஜனவரி 2022, காலை 9.02

கரைமணல் அண்ணா, நீங்கள் ஓட்டுப் போட்டீர்களா? குடியுரிமை வாங்கிவிட்டீர்களா?

கரைமணல்
21 ஜனவரி 2022, மாலை 5.30

இல்லை தங்கச்சி, இந்தியக் கடவுச்சீட்டுதான். ஆனால் இங்கே காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் மூன்று ஆண்டு தொடர்ந்து வசித்தால் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். எனக்கே இது தெரியாது. 2018இல் தவறவிட்டேன், இந்த முறை போட்டேன்.

பள்ளிக்கூடத்தில் சாவடி. காலை ஆறு மணிக்குத் திறப்பு. முகக்கவசம், கைக்குத் திரவம், வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்ட வயதானவர்கள். சீட்டில் பெருக்கல் குறி போட வேண்டும். ஊரில் பொத்தானை அழுத்திப் பழகிய விரலுக்கு எழுதுகோல் விசித்திரமாக இருந்தது. ஒரு தொகுதிக்கே எட்டு, ஒன்பதாயிரம் வாக்காளர்தான். எங்கள் தொகுதி வேட்பாளர் போன வாரம் கடைக்கு வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். எதிர்த்து நின்றவர் அதற்கு மறுநாள் வந்தார். இருவருக்கும் என் முதலாளியின் பெயர் தெரியும், அவருடைய மகள் எங்கே படிக்கிறாள் என்பதும் தெரியும்.

யாருக்குப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சாதிக்காய்
21 ஜனவரி 2022, இரவு 7.48

நான் இன்னொரு கரீபியன் தீவான கிரெனடாவில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவன், இப்போது கோயம்புத்தூரில். பார்படோஸ்காரர்கள் இதைப் புதுமை என்று நினைக்கட்டும்; எங்களுக்கு இது பழகிய சோறு.

அங்கே மொத்தம் 15 தொகுதிகள். கீத் மிட்செலின் புதிய தேசியக் கட்சி 1999இல் 15க்கு 15. 2013இல் 15க்கு 15. 2018 மார்ச்சில் மூன்றாம் முறையாக 15க்கு 15. கடைசியாகச் சொன்னதைக் கணக்குப்பிள்ளை கவனிக்க வேண்டும்: அதில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 59 விழுக்காடு ஓட்டு. தோற்ற தேசிய ஜனநாயக மாமன்றத்துக்கு 40 விழுக்காடு. நாற்பது! ஓர் இடம் இல்லை. பார்படோஸில் 69க்கு முப்பது என்பதைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

செயின்ட் வின்சென்டிலும் 1989இல் ஒரு கட்சி 15க்கு 15 எடுத்தது. ஆக, இது மோட்லி அம்மையாரின் மந்திரம் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தத் தீவுகளின் மண்வாகு அப்படி.

பூதக்கண்ணாடி
21 ஜனவரி 2022, இரவு 9.15

மண்வாகு என்று தள்ளிவிட்டால் எப்படி? முப்பது பேரும் ஒரு கட்சி. அரசமைப்பின் முக்கியப் பிரிவுகளைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அது இருபது. கையில் முப்பது. நினைத்ததை எழுதிக்கொள்ளலாம். பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சித் தலைவர்தான் தலைவர் என்பது அங்கே வழக்கம். எதிர்க்கட்சித் தலைவரே இல்லை என்றால் கணக்கை யார் கேட்பது? அவர்களே செலவு செய்து அவர்களே தணிக்கை செய்து அவர்களே கைதட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கணக்குப்பிள்ளை
21 ஜனவரி 2022, இரவு 10.00

இங்கேதான் ஒரு சுவாரசியமான முடிச்சு இருக்கிறது. அங்கே மேலவையும் உண்டு. 21 பேர். பிரதமர் சொல்கிறவர்கள் 12, எதிர்க்கட்சித் தலைவர் சொல்கிறவர்கள் 2, நாட்டுத் தலைவர் தம் விருப்பப்படி போடுகிறவர்கள் 7. திருத்தத்துக்கு மேலவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 14. பிரதமர் கையில் 12தான். கீழவையில் முப்பதும் இருந்தாலும் மேலே இன்னும் இரண்டு பேரை வெளியிலிருந்து இணங்கவைத்தாக வேண்டும். பூட்டு சின்னதுதான், ஆனாலும் பூட்டு.

எதிர்க்கட்சித் தலைவர் இல்லாதபோது அந்த இரண்டு இடத்தையும் யார் நிரப்புவது என்பதுதான் இப்போது பிரிட்ஜ்டவுனில் பேச்சு. எதிர்க்கட்சித் தலைவர் பதவி காலியாக இருந்தால் நாட்டுத் தலைவரே தம் முடிவின்படி செயல்படலாம் என்று அரசமைப்பின் 75ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டாம் இடம் வந்த கட்சிக்கே அந்த இரண்டையும் கொடுத்துவிடலாம், அதற்கு அரசமைப்பைத் திருத்தலாம் என்பது மோட்லியின் யோசனை. ஜெயித்தவர் கையால் எதிர்க்கட்சிக்கு இடம் வாங்கிக்கொள்வதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்யும்.

பரிசல்
21 ஜனவரி 2022, இரவு 10.20

ஒரு நிமிடம். 2018இலும் முப்பதுதானே? அப்போது 29 கையில் என்று பூதக்கண்ணாடி எழுதியிருக்கிறார். ஒன்று எங்கே போனது?

கரைமணல்
22 ஜனவரி 2022, காலை 6.05

அந்த ஒன்று பெரிய கதை. 2018இல் ஜெயித்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து எதிர்வரிசைக்குப் போய்விட்டார். ஜோசப் அதர்லி, செயின்ட் மைக்கேல் மேற்குத் தொகுதி, ஆயர். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. எதிரில் யாரும் இல்லாமல் நாடாளுமன்றம் எப்படி என்று தானே எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்துகொண்டார். மேலவைக்கு இரண்டு பேரையும் நியமித்தார், பிறகு தனிக் கட்சியும் கண்டார்.

இதெல்லாம் பிரதமர் சொல்லிவைத்துச் செய்த நாடகம் என்று ரம் கடையில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பாதி, மந்திரி பதவி கிடைக்காத வருத்தம் என்றார்கள். நானறிந்து இரண்டுக்கும் யாரும் சாட்சி காட்டவில்லை. ஆனால் அவர் கேள்வி கேட்டார், அதைக் கேட்க ஓர் ஆள் இருந்தார், அதுவரை நல்லது. இந்தத் தேர்தலில் அதே தொகுதியில் நின்று தோற்றுவிட்டார். எதிர்க்கட்சியாக இருந்ததற்கு நன்றியெல்லாம் யாரும் ஓட்டாகத் தரவில்லை.

சாதிக்காய்
22 ஜனவரி 2022, காலை 11.30

கிரெனடாவிலும் இதேதான். 2018 துடைப்புக்குப் பிறகு டோபயஸ் கிளெமென்ட் என்ற ஆளுங்கட்சி உறுப்பினர் வரிசை மாறி எதிர்க்கட்சித் தலைவரானார். அங்கெல்லாம் எதிர்க்கட்சி ஓட்டுப் பெட்டியிலிருந்து வராவிட்டால் ஆளுங்கட்சி வயிற்றிலிருந்து வரும்.

பூதக்கண்ணாடி
22 ஜனவரி 2022, பகல் 12.10

அப்படி வருவதற்குப் பெயர் எதிர்க்கட்சி இல்லை ஐயா, பங்காளித் தகராறு. மக்கள் ஆளுங்கட்சிக்கு என்று போட்ட ஓட்டை எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தால் அந்த ஓட்டுக்கு என்ன மரியாதை? நம் நாட்டில் என்றால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போயிருக்கும்.

கணக்குப்பிள்ளை
22 ஜனவரி 2022, பகல் 12.45

அந்த நாற்பது விழுக்காட்டுக்கு ஓர் இடமும் தராத முறைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான். ஓட்டு அளவுக்கு ஏற்ப இடம் தருகிற விகிதாசார முறை வைத்திருந்தால் பார்படோஸில் எதிர்க்கட்சிக்கு எட்டு இடம் கிடைத்திருக்கும், யாரும் வரிசை மாறத் தேவையில்லை. கயானாவில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஜெயித்த கட்சி எதற்காக அதை மாற்றப் போகிறது? தோற்ற கட்சியும் நாளைக்கு நம் காற்று அடிக்கும் என்று காத்திருக்கும். 1986இல் ஜனநாயகத் தொழிலாளர் கட்சி 27இல் 24 எடுத்தது. 1999இல் மோட்லியின் கட்சி 28இல் 26 எடுத்தது. ஊஞ்சலில் இருவரும் ஆடியிருக்கிறார்கள்.

இன்னொன்று: மோட்லியே 2010இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அவருடைய சொந்த உறுப்பினர்கள் அவரை இறக்கிவிட்டு முன்னாள் பிரதமர் ஓவன் ஆர்தரை உட்காரவைத்தார்கள். 2013 தோல்விக்குப் பிறகுதான் திரும்பி வந்தார். எதிர்வரிசை எவ்வளவு கசப்பு என்று அவருக்குத் தெரியாததல்ல.

பரிசல்
14 பிப்ரவரி 2024, இரவு 8.15

இரண்டு ஆண்டு கழித்து இந்த இழையைத் தூசி தட்டுகிறேன். செய்தி பார்த்தீர்களா? பார்படோஸில் மறுபடியும் ஒருவர் வரிசை மாறிவிட்டார். ரால்ஃப் தார்ன், கிறைஸ்ட் சர்ச் தெற்குத் தொகுதி உறுப்பினர், வழக்கறிஞர். ஆளுங்கட்சியை விட்டு எதிர்க்கட்சித் தலைவராகியிருக்கிறார். இந்த முறை தனிக்கடை இல்லை, நேராக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியிலேயே சேர்ந்துவிட்டார்.

சாதிக்காய்
14 பிப்ரவரி 2024, இரவு 9.40

நானும் ஒரு பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். நாம் இங்கே பேசிய ஐந்தே மாதத்தில், 2022 ஜூனில், கிரெனடாவில் கீத் மிட்செல் தோற்றார். டிக்கன் மிட்செல் என்ற புதியவர் தலைமையில் தேசிய ஜனநாயக மாமன்றம் 9, பழைய ஆளுங்கட்சி 6. நாற்பது விழுக்காட்டோடு பூஜ்யத்தில் கிடந்த அதே கட்சிதான். ஊரில் இருந்திருந்தால் அன்று இரவு தெருவில் நின்று பார்த்திருப்பேன்.

பூதக்கண்ணாடி
14 பிப்ரவரி 2024, இரவு 10.05

அது தேர்தல். அங்கே மக்கள் எழுதினார்கள். தார்ன் விஷயம் அப்படியில்லை. அந்தத் தொகுதிக்காரர்கள் சிவப்புக்குப் போட்டார்கள், மஞ்சள் கிடைத்திருக்கிறது. 2022இல் சொன்னதையே இப்போதும் சொல்கிறேன், பதவியை விட்டுவிட்டு இடைத்தேர்தலில் நின்று வந்திருக்க வேண்டும்.

கரைமணல்
15 பிப்ரவரி 2024, காலை 6.20

நீங்கள் சொன்னதையே இங்கே ரம் கடைக்காரரும் சொன்னார், பூதக்கண்ணாடி.

நம்முடைய டோமினோப் பெரியவரை நினைவிருக்கிறதா? செய்தி வந்த அன்று மாலை மஞ்சள் சட்டையில் வந்தார். இரண்டு ஆண்டாக அந்தச் சட்டையை நான் பார்க்கவில்லை. வந்தவர் ஆட உட்காரவில்லை. நேரே கடைக்காரரிடம் போய், "எங்களுக்கு ஓர் இடம் வந்துவிட்டது, அந்தப் புட்டிக் காசைத் திருப்பிக் கொடு" என்றார்.

கடைக்காரர் கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "செயின்ட் ஜானா?"

"இல்லை, கிறைஸ்ட் சர்ச் தெற்கு."

"ஓட்டுப் போட்டு வாங்கினீர்களா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. கடைக்காரரும் காசைத் தரவில்லை. ஆனால் அரைக் குவளை ஊற்றி அவர் பக்கம் தள்ளிவிட்டார், அதற்குக் கணக்கு எழுதவில்லை.